பிறவிக் குணம் என்று எழுதுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் புத்தகப் பைக்குள் அரிவாள் கொண்டுவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கடிதங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. ஒரு சாரார் சினிமா, கைப்பேசி, வீடு, ஊர் என்று சமூகத்தின் தலையில் பழியைப் போட்டார்கள். மறுசாரார், மனிதன் அடிப்படையிலேயே கெட்டவன், சட்டமும் பயமும் இல்லாவிட்டால் அவனுடைய சுயரூபம் வெளியே வந்துவிடும் என்றார்கள். அவர்களில் ஒரு வாசகர் இன்னும் ஒரு படி மேலே போய், சில பிள்ளைகளுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது என்றும், அவர்கள் வந்த வழியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றும் எழுதியிருந்தார். 'வந்த வழி' என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 1983 முதல் 2014 வரை, 31 ஆண்டுகள், உசிலம்பட்டி வட்டாரத்தில், கள்ளர் என்ற சமூகத்தின் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்த ஊர் வேறு மாவட்டம். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இப்படியொரு பள்ளிப் பிரிவு இருப்பதே தெரியாது. பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர்களும் உண்டு. பணி ஆணை வந்தபோது என் சொந்தக்காரர் ஒருவர், "திருடர்களுக்கா பாடம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டார். நான் அப்போது மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. உள்ளூர எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது என்பதை இந்த வயதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சேர்ந்த மறு ஆண்டு ஜூன் மாதம். முதல் வகுப்பில் பேரனைச் சேர்க்க ஒரு பெரியவர் வந்தார். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. காதில் துளை பெரிதாகத் தொங்கியது. வெள்ளைத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டாமல் கையில் பிடித்திருந்தார். படிவத்தை நிரப்பிவிட்டு, அந்த வயதுக்காரர் என்பதால் கேட்காமலேயே மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதை ஒரு விரலால், சூடான பாத்திரத்தைத் தள்ளுவதுபோல, என் பக்கமே திருப்பித் தள்ளினார். "வேண்டாம் வாத்தியாரய்யா. பேனாவைக் குடுங்க, நான் எழுதுறேன்" என்றார். பேனாவை உளி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு தம் பெயரை எழுதினார். ஐந்து எழுத்துதான். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. எழுதி முடிக்கும்வரை மூச்சை அடக்கியிருந்தார் என்பது, முடித்தபின் அவர் விட்ட மூச்சில்தான் தெரிந்தது. வேறு ஒரு சொல்லும் அவருக்கு எழுதத் தெரியாது. பெயரை மட்டும் ஒரு பையனிடம் கற்றுக்கொண்டிருக்கிறார், இனி எந்தக் காகிதத்திலும் கட்டைவிரலை வைக்கக்கூடாது என்பதற்காக.

அவர் தலைமுறை அந்தச் சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொல்லும். புத்தகத்தில் அதற்குக் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று பெயர். 1871இல் வட இந்தியப் பகுதிகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. அரசு ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லி அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர் ஒரு தவறும் செய்யாதவராக இருந்தாலும் பதிவேட்டில் பெயர் ஏறும், ரேகை வாங்கப்படும், இருப்பிடத்தை விட்டு நகர்ந்தால் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புச் சரிதானா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. மதுரைப் பக்கத்தில் 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கிய இந்த அறிவிப்பு, 1918க்குள் உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் தழுவிவிட்டது.

நம் பெரியவர் மூத்த மகன் பிறந்த இரவைப் பற்றிச் சொன்னார். மனைவிக்கு வலி எடுத்தது பொழுது சாயும் நேரம். ஆனால் பதிவில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் இரவில் ஊர்ச் சாவடியில் வந்து படுக்க வேண்டும், தலையெண்ணிக்கை நடக்கும், ஆள் குறைந்தால் மறுநாள் வழக்கு. வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டை வாங்கலாம், மூன்றாவது தெருவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போக எந்தச் சீட்டைக் கேட்பது? விடியும்வரை சாவடியில் கண்ணை மூடாமல் கிடந்துவிட்டு, ஆள் விட்ட பிறகு போனாராம். "பிள்ளையை நான் பாக்குறதுக்கு முன்னாடி ஊரே பாத்திருச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பையனுக்குச் சிலேட்டு பள்ளிக்கூடத்திலேயே கொடுப்பார்களா என்று கேட்டார்.

மனிதன் பிறவியிலேயே தீயவனா என்பது தத்துவக் கேள்வி என்று நாம் நினைக்கிறோம். சீனத்தில், மனித இயல்பு நல்லது என்ற மென்சியசும் தீயது என்ற சுன்சியும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிரெதிராக எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில், அடக்க ஓர் அரசு வேண்டும் என்ற ஹாப்ஸ் ஒரு பக்கம், மனிதனைக் கெடுப்பது சமூகமே என்ற ரூசோ ஒரு பக்கம். அந்த வாதங்கள் அவற்றின் இடத்தில் இருக்கட்டும். ஆனால் சாவடியில் கிடந்தவருக்கு அது தத்துவம் இல்லை. ஒரு அரசு அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டதாக முடிவு கட்டி, அந்த விடையைச் சட்டமாக எழுதி, எழுபது எண்பது ஆண்டுகள் லட்சக்கணக்கான மக்களின் மேல் நடத்திப் பார்த்தது. ஆகவே இந்தக் கேள்விக்கு நம் கண்முன்னே ஒரு சோதனையின் முடிவு கிடக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்காமல் ரத்தம், வந்த வழி என்று எழுதுவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தச் சட்டத்துக்குச் சொல்லப்பட்ட காரணத்தை ஒருமுறை கவனிக்க வேண்டும். தச்சன் மகன் தச்சனாகிறான், நெசவாளி மகன் நெசவாளியாகிறான். அப்படிச் சாதிவழியாகத் தொழில் இறங்கும் நாட்டில் குற்றமும் பரம்பரைத் தொழிலாகத்தான் இருக்கும் என்பதே வாதம். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, மண்டையோட்டையும் தாடையையும் அளந்து 'பிறவிக் குற்றவாளி'யைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதியது 1876இல். இங்கே அதற்கு ஐந்து ஆண்டு முன்பே சட்டம் வந்துவிட்டது. மண்டையை அளக்க வேண்டிய தேவையே வெள்ளைக்காரனுக்கு ஏற்படவில்லை. குணம் குலத்தோடு வரும் என்ற பாடத்தை நாமே அவனுக்கு எழுதிக் கையில் கொடுத்திருந்தோம். இதைச் சொல்வதால் அந்நிய ஆட்சியின் குற்றம் குறைந்துவிடாது. ஆனாலும் முழுப் பழியையும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருட்டே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது. மாடு களவு போகும். பறிகொடுத்தவர் நாலு பேரை விசாரித்து, இடையில் நிற்கும் ஆளிடம் மாட்டின் விலையில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்தால் மாடு ஏதாவது ஒரு ஓடைக்கரையில் கட்டிக் கிடக்கும். இதை எனக்குச் சொன்னவர்கள் அந்த ஊர்க்காரர்களே, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆனால் இது எதன் மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் பிரமலைக் கள்ளர்கள் ஊர்க் காவல்காரர்கள். களத்து நெல்லிலிருந்து காவல் கூலி அளக்கப்படும். காவலில் இருக்கும் ஊரில் களவு போனால், போன பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், மீட்க முடியாவிட்டால் தன் கைப்பொறுப்பில் ஈடு கட்ட வேண்டும். இது ஒரு வேலை, அதற்கு ஒரு மானம், அதற்கு ஒரு கூலி. கும்பினி ஆட்சி தன் போலீசைக் கொண்டுவந்தபோது பழைய காவலுக்கு மரியாதை போயிற்று. காவல் என்ற பெயரில் மிரட்டிக் கூலி வாங்கியவர்களும் இருந்தார்கள் என்பதால், 1890களின் நடுவில் திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் ஊர்க்காரர்கள் 'பண்டு' வசூலித்து வேறு காவல் ஏற்பாடு செய்துகொண்டு பழைய காவல்காரர்களைத் துரத்தினார்கள். வேலை போனது, கூலி நின்றது, நிலமோ மானாவாரி. அதற்குப் பிறகு நடந்த திருட்டுகளைப் பதிவேட்டில் எழுதிய கை, அதற்கு முன் நின்றுபோன காவல் கூலியை எழுதவில்லை.

வேறு சமூகங்களின் கதையும் ஏறக்குறைய இதேதான். பொதிமாட்டில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகப் போன குறவர்களின் வியாபாரம், உப்பு அரசின் பிடிக்குள் போய், ரயிலும் ஓடத் தொடங்கியதும் படுத்துவிட்டது. வியாபாரி நாடோடியானான், நாடோடி சந்தேகத்துக்குரியவனானான், சந்தேகத்துக்குரியவன் பட்டியலில் ஏறினான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தண்ணீர். பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து கொண்டுவந்த அந்தத் தண்ணீர் வைகை வழியாக வந்து, மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்களில் பாய்ந்தது. மேலூர்ப் பக்கத்திலும் கள்ளர் நாடுகள் உண்டு. அவர்கள் பிரமலையாரோடு கொள்வினை கொடுப்பினை இல்லாத தனிப் பிரிவினர் என்றாலும், வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகளில் இருவருக்கும் அதே 'திருட்டுச் சாதி'ப் பட்டம்தான். தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கத்தவர்கள் நஞ்சை உழவில் இறங்கி அந்தப் பட்டத்திலிருந்து மெல்ல விலகினார்கள் என்பதை அதே அதிகாரிகள்தான் எழுதியும் வைத்தார்கள். மேட்டில் கிடந்த உசிலம்பட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அங்கேதான் ரேகைச் சட்டம் ஏறியது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கேட்டு, 58 கிராமக் கால்வாய் என்று பிற்பாடு மக்கள் ஏன் அப்படிப் போராடினார்கள் என்பது இதைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். பத்து வருடத்தில் ஒரு கால்வாய் மாற்றிவிடுகிற ஒன்றை ரத்தம் என்று எப்படிச் சொல்வது?

1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண், அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூட்டம் கூடுகிறது. இங்கே நான் கேட்பது, அந்த விடியற்காலையில் துப்பாக்கி பிடித்திருந்தவர்களைப் பற்றி. அவர்களும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள், சம்பளத்துக்கு வந்தவர்கள். அவர்களுடைய ரத்தத்தில் கொலை ஊறியிருந்தது என்று எந்தக் குறிப்பிலும் யாரும் எழுதவில்லை. அவர்கள் கடமையைச் செய்ததாகத்தான் எழுதப்பட்டது. களவுக்குப் பிறவியைக் காரணம் காட்டியவர்கள் கொலைக்கு உத்தரவைக் காரணம் காட்டினார்கள். இயல்பு என்ற சொல் எப்போதும் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு மட்டுமே பொருந்துகிறது.

அதே 1920ஐ ஒட்டித்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டமும் தொடங்கியது. பள்ளிக்கூடங்கள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு, நிலம் என்று அரசு செலவு செய்தது. ஒரு கையில் மைப்பெட்டி, இன்னொரு கையில் சிலேட்டு. இந்த முரண்பாட்டை நான் வகுப்பிலேயே பலமுறை யோசித்திருக்கிறேன். பிறவியிலேயே குற்றவாளிகள் என்று நிஜமாகவே நம்பியிருந்தால், பள்ளிக்கூடம் எதற்கு? குட்டிப் புலிக்கு யாராவது அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பார்களா? சட்டம் எழுதியவர்களே அந்தச் சட்டத்தின் அடிப்படையை நம்பவில்லை என்பதற்கு நான் 31 ஆண்டுகள் கரும்பலகை எழுதிய கட்டடங்களே சாட்சி. நம்பாமலே ஏன் சொன்னார்கள் என்றால், அப்படிச் சொல்வது ஆட்சி நடத்த வசதியாக இருந்தது. ஒருவனைப் பிறவிக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் அவனுக்குத் தண்ணீர் விட வேண்டியதில்லை, பறிபோன கூலிக்கு மாற்று தேட வேண்டியதில்லை, வழக்கில் சாட்சிகூட அவ்வளவாகத் தேவைப்படாது.

சட்டத்தை எதிர்த்து நின்றவர்களின் வரிசை பெரியது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த, கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்த ஜார்ஜ் ஜோசப்பை இந்த மக்கள் இன்றும் ரோசாப்பூ துரை என்கிறார்கள். பிறகு முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் என்று பலர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது. ஆனால் நீக்கிய கையோடு, 1948இலேயே பழக்கக் குற்றவாளிகள், அதாவது திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள், என்ற பெயரில் சென்னையில் வேறொரு சட்டம் வந்தது. அதில் சாதி கிடையாது என்பது பெரிய மாற்றம்தான். பழைய கண் மட்டும் மாறவில்லை. பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில், சீர்மரபினர் என்று நாம் இப்போது சொல்லும் அதே சமூகங்களைப் பிறப்பை வைத்தே பழக்கக் குற்றவாளிகளாகப் பார்க்கும் வரிகள் அப்படியே கிடந்தன. உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று சொன்னது 2024 அக்டோபர் 3ஆம் தேதி. அதாவது, நாடு முழுவதும் சட்டம் நீங்கி எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகு.

இந்த இடத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றையும் எழுதியாக வேண்டும். நான் பணிபுரிந்த பள்ளி ஒன்றில், தேர்வுக் கட்டணமாகப் பிள்ளைகளிடம் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்த பணம் காணாமல் போயிற்று. நூற்று நாற்பது ரூபாய்; அன்றைக்கு அது சிறிய தொகை இல்லை. இடைவேளையில் அறைப் பக்கம் வந்தவர்கள் ஆறேழு பேர். நான் நேராகப் போய்க் கடைசி வரிசையில் இருந்த ஒரு பையனின் பையைக் கவிழ்த்தேன். அவனுடைய தாத்தா பழைய கேஸ்காரர் என்று யாரோ எப்போதோ என் காதில் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பையிலிருந்து ஒரு கிழிந்த புவியியல் புத்தகமும், வேட்டித் துணியில் முடிந்த கம்பஞ்சோறும் விழுந்தன. சோறு தரையில் சிந்திவிட்டது. பையன் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. குனிந்து சோற்றை அள்ளினான், மண் படாத பகுதியை மட்டும். பணம் கடைசிவரை கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனாகவே இருந்திருக்கலாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அவன் பையை முதலில் கவிழ்த்ததற்கு அது நியாயம் ஆகாது. அந்தப் பையன் அதன்பிறகு ஒரு வாரம் பள்ளிக்கு வந்தான், பிறகு நின்றுவிட்டான். வீட்டுக்குப் போய் அழைத்தேன். ஆடு மேய்க்கப் போய்விட்டதாக அவன் அம்மா சொன்னார்கள். "நீங்க நல்லவருதான் சார், அவனுக்குத்தான் படிப்பு ஏறல" என்று என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள்.

பின்னாளில் அவன் ஒரு வழக்கில் சிக்கியிருந்தால், வந்த வழி என்று நானே சொல்லியிருப்பேன். அந்த வழியில் ஒரு வளைவை நான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கே தோன்றியிருக்காது. பிறவிக் குணம் என்று ஒருவரைப் பற்றிச் சொல்வதை நாம் ஒரு கருத்தாக நினைக்கிறோம். கருத்து சும்மா இருக்கும். இது சும்மா இருப்பதில்லை, கை நீட்டி ஒருவனுடைய சோற்றைக் கவிழ்க்கிறது, இரவில் அவனைச் சாவடியில் படுக்கவைக்கிறது, பிறகு அதன் விளைவைக் காட்டி, பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்கிறது.

அப்படியானால் எல்லாமே சமூகம் செய்வதுதான், தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சமூகத்தின் தலையில் பழியைப் போட்டவர்களின் கடிதங்களும் எனக்கு நிறைவாக இல்லை. சமூகம் கெடுத்தது என்று எழுதுகிறவர்கள், சமூகம் என்பதை ஏதோ தட்பவெப்பநிலை மாதிரி எழுதுகிறார்கள். நான் வேலை பார்த்த அதே வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. தேர்தலை நடக்கவிட மாட்டார்கள். நடந்தால் ஒரு ஆளை நிறுத்தி, வென்ற கையோடு விலகவைப்பார்கள். 2006இல்தான் முறையாகத் தேர்தல் நடந்து முடிந்தது. பிறப்பை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதியதை எதிர்த்து உயிர் கொடுத்தவர்களின் பேரன்கள், பிறப்பை வைத்து இன்னொருவரை நாற்காலியில் உட்காரக்கூடாது என்றார்கள். பட்ட துன்பம் தானாகவே ஒருவரை நல்லவராக்கிவிடும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

அதே வட்டாரத்தில் 1980களில் பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகள் நாட்டையே உலுக்கின. அப்போதும் வெளியிலிருந்து வந்தவர்கள் இவர்கள் அப்படித்தான் என்றார்கள். எனக்குத் தெரிந்து, அந்த ஊர்களில் பெண்ணுக்குப் பரிசம் போட்டுக் கட்டிய காலம் ஒன்று இருந்தது; மாப்பிள்ளை வீட்டுக்கு நகையும் ரொக்கமும் கொடுத்துக் கட்டும் வழக்கம் பிறகு மேலிருந்து இறங்கி வந்தது. காரணத்தைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் இரவில் அந்தக் குழந்தையின் வாயில் எதையோ விட்ட கைக்கு அந்தக் காரணம் மன்னிப்பாகிவிடாது. அதே தெருவில், அதே வறுமையில், மூன்று பெண்களையும் பெற்று வளர்த்து என்னிடம் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே சமூகம்தான் இருவரையும் ஆக்கியது. அந்த இடைவெளியில்தான் மனிதனுக்குப் பொறுப்பு என்ற ஒன்று நிற்கிறது என்று நினைக்கிறேன். அதை இயல்பு என்ற சொல்லாலும் மூட முடியாது, சமூகம் என்ற சொல்லாலும் மூட முடியாது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததை இந்த விவாதத்தில் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். சாதிப் பகையில் சக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், காலையில் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிய பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்துவிட வேண்டும், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்த்துவிட வேண்டும் என்ற பரிந்துரைகளும் இருந்தன. எங்கள் பக்கத்தில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. போராடிப் பெற்றதன் அடையாளம் அது என்பார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. இருந்தாலும், அந்தப் பெயரைச் சான்றிதழில் சுமந்துகொண்டு சென்னைக்கு நேர்காணலுக்குப் போன என் மாணவர்கள், அங்கே கேட்கப்பட்ட கேள்விகளைத் திரும்பி வந்து என்னிடம் சொன்னதும் நினைவில் இருக்கிறது. 'சீரமைப்பு' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்களாம். இதில் என் கருத்து இரண்டு பக்கமும் போய்வருகிறது; முடிவாக ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஒன்றைப் பழமொழி சொல்லும் வாசகர்களுக்காகக் குறிப்பிட விரும்புகிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை, குணம் மாறாது என்பதற்குச் சான்றாக ஒரு கடிதத்தில் காட்டியிருந்தார்கள். அந்தப் பழமொழியில் இருப்பது பழக்கம், பிறப்பு அல்ல. தொட்டிலை ஆட்டுகிற கை ஒன்று உண்டு என்பதையும் சேர்த்தேதான் அது சொல்கிறது.

இக்கடிதத்தை நீங்கள் அச்சிட்டால், படிப்பவர்களில் சிலர் வாதத்தை விட்டுவிட்டு, எழுதியவர் எந்த ஆட்கள் என்று விசாரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பணியில் இருந்த காலத்தில் இரண்டு பக்கத்தாரும் அதை என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருட்டு, வழிப்பறிச் செய்திகளில் கைதானவரின் சமூகத்தை ஏதோ ஒரு வகையில் உணர்த்திவிடும் வழக்கம் நம் செய்தித்தாள்களில் இன்னும் இருக்கிறது. காவல் நிலையத்தில் கொடுக்கும் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவதால் அது வருகிறது என்று நினைக்கிறேன். 'குற்றப் பரம்பரை' என்ற சொல்லையும் ஏதோ வீரப் பட்டம்போலவோ, கிண்டலாகவோ தலைப்புகளில் பயன்படுத்துகிறார்கள். அது அந்த ரேகைச் சட்டத்துக்கே பெயராக வழங்கிய சொல். சட்டத்தைப் பற்றி எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். ஆட்களைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அதேபோல, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் தவறு செய்த செய்தி வரும்போது, அவர்களுடைய ஊர், அப்பாவின் தொழில், தாத்தாவின் வழக்கு ஆகியவற்றை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை கடைசியாக எந்த வகுப்பில், எந்த மாதத்தில் பள்ளியை விட்டு நின்றான் என்பதை உங்கள் நிருபர்கள் ஒருமுறை விசாரித்து எழுதட்டும். வருகைப் பதிவேடு எல்லாப் பள்ளியிலும் இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.